இருபத்தி நாலாவது கட்டம்

2021 ஏப்ரல்ல தம்பி என் வீட்டுக்கு குடிவந்தான். டெக்சாஸ் இர்விங்ல எங்க காராஜ்ல அவனோட நாலு அட்டைப்பெட்டி, மொத்த சாமானே அவ்வளவுதான். அதுல ஒண்ணுல அம்மா 2006-ல அவன் அமெரிக்கா கிளம்பும்போது இட்லிப்பொடி போட்டுக் குடுத்த எவர்சில்வர் சம்படம் இருந்துச்சு, இத்தனை வருஷமா வச்சிருக்கானேன்னு ஆசையா திறந்தேன். உள்ள எட்டா மடிச்ச ஒரு பேப்பர். அமெரிக்க ராணுவத்துல இருந்து வெளிய வர்ற ஒவ்வொருத்தருக்கும் குடுக்கற டிடி 214. எங்க கிட்ட அவன் சொன்னது "கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சுக்கா, வந்துட்டேன்". பேப்பர்ல 24-வது கட்டத்துல இருந்தது "அண்டர் அதர் தேன் ஹானரபிள் கண்டிஷன்ஸ்", அதாவது மரியாதைக்கு கீழான நிலையில வெளியேத்தினது. 28-வது கட்டத்துல, கோர்ட் மார்ஷியல்ங்கற ராணுவ கோர்ட் விசாரணைக்கு பதிலா வெளியேத்தினதுன்னு காரணம். 8 வருஷமா எங்க யாருக்கும் தெரியாது.

இதை நான் எழுதறதுக்கு அவன் சம்மதம் வாங்கிட்டேன். பேர் போடாம எழுதுன்னு மட்டும் சொன்னான்.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். ராணுவத்துல இருந்து வெளிய அனுப்பற டிஸ்சார்ஜ்ங்கறது அங்க ஒரே ரகம் இல்ல. ஹானரபிள்னா முழு மரியாதை. அதுக்கு ஒரு படி கீழ ஜெனரல், அதுவும் மரியாதைக் கணக்குலதான் வரும், ஆனா 9/11-க்கு அப்புறம் வந்த ஜிஐ பில் படிப்புச் சலுகை கிடையாது. அதுக்கும் கீழ அதர் தேன் ஹானரபிள், இந்த மூணையும் அதிகாரிங்களே ஆபீஸ் நடவடிக்கையா குடுத்துடலாம். பேட் காண்டக்ட், டிஸ்ஹானரபிள் ரெண்டும் கோர்ட் மார்ஷியல் தண்டனையா மட்டும்தான் வரும். தம்பிக்கு கிடைச்சது மூணாவது. அது வந்தா ரேங்க்கும் அடிமட்டத்துக்கு போயிடும். எம்எஸ் படிச்சதால ஸ்பெஷலிஸ்ட்டா உள்ள போனவன், பிரைவேட்டா வெளிய வந்தான்.

அவன் எப்படி அங்க போய்ச் சேர்ந்தான்னு கேப்பீங்க. மாவ்னின்னு ஒரு திட்டம், 2008 கடைசில அறிவிச்சு 2009-ல ஆள் எடுக்க ஆரம்பிச்சாங்க. கிரீன் கார்டு இல்லாதவங்க, ஸ்டூடண்ட் விசாவுல ரெண்டு வருஷம் சட்டப்படி இருந்தவங்க கூட அப்ப சேர முடிஞ்சுது, ராணுவத்துக்கு தேவையான மொழி தெரிஞ்சிருந்தா போதும். அந்த மொழிப் பட்டியல்ல தமிழும் இருந்துச்சு. 2008 மந்தத்துல வேலை கிடைக்காம, விசா முடியப்போற நேரத்துல, தமிழ் பேசத் தெரிஞ்சதுக்காக ஒரு நாடு குடியுரிமையே குடுக்குதுன்னு அவன் போன்ல சொன்னப்ப நான் நம்பவே இல்ல. 2009 அக்டோபர்ல சேர்ந்தான். சவுத் கரோலினா ஃபோர்ட் ஜாக்சன்ல பயிற்சி, அது முடிஞ்ச கையோட அங்கயே குடியுரிமை உறுதிமொழியும் எடுத்தான். அப்பா திருமங்கலத்துல தெருவுக்கே லட்டு குடுத்தார். அப்புறம் மிசூரியில லாரி ஓட்டற பயிற்சி. தமிழுக்கு அங்க வேலையே வரல, எரிபொருள் லாரிதான் ஓட்டினான்.

இதுல ஒரு விஷயம் அவனுக்கு தெரியும், எங்களுக்கு தெரியாது. இப்படி ராணுவ சேவை வழியா குடியுரிமை வாங்கினவங்க மொத்தம் 5 வருஷம் மரியாதையா சேவை முடிக்கறதுக்கு முன்னாடி, மரியாதைக்கு கீழான டிஸ்சார்ஜ்ல வெளிய வந்தா அந்தக் குடியுரிமையையே ரத்து பண்ண சட்டத்துல இடம் இருக்கு. அது தானா நடக்காது, அரசாங்கம் கோர்ட்டுக்கு போகணும், ஆனா இடம் இருக்கு. 2013 ஜூன்ல அவன் வெளிய வந்தப்ப 4 வருஷம் கூட ஆகல. அந்த பயத்துலயே பாஸ்போர்ட் புதுப்பிக்கல. படிச்ச வேலைக்கு போனா பழைய ரெக்கார்டை கிளறுவாங்கன்னு குடோன்லயும் பெட்ரோல் பங்க்லயும் வேலை பார்த்தான். 2017-ல அப்பா இறந்தப்ப வரல. ஒரே பையன். கொள்ளி வச்சது சித்தப்பா மகன். "லீவு கிடைக்கல"ன்னு சொன்னான், லீவு கிடைக்காத அளவுக்கு அப்படி என்ன பெரிய வேலைன்னு நானே கத்தினேன், அதுக்கப்புறம் ஒரு வருஷம் அவன்கிட்ட சரியா பேசல. இப்ப அதை நினைச்சா நெஞ்சு அடைக்குது.

அன்னைக்கு ராத்திரி அந்த பேப்பரை டைனிங் டேபிள்ல வச்சிட்டு உக்காந்தேன், வேலை முடிச்சு வந்தவன் பார்த்தான், நின்னான், "சம்படத்தை திறந்துட்டியாக்கா"ன்னு மட்டும் கேட்டான். விடிய விடிய பேசினான்.

2011 நடுவுல ஆப்கானிஸ்தான் போனான். காந்தஹார்ல இருந்து காபூலுக்கு போற ஹைவே 1-ல எரிபொருள் கொண்டு போற வேலை. அந்த ரோட்டுல பயமே சின்னச் சின்ன பாலங்கதான், நம்ம ஊர்ல வாய்க்காலுக்கு மேல குழாய் போட்டு கட்டியிருப்பாங்கல்ல, அந்த மாதிரி. அதுக்குள்ளதான் குண்டு வைப்பாங்க. ஒரு நாள் இவனுக்கு முன்னாடி போன வண்டி ஒரு பாலத்து மேல ஏறினப்ப வெடிச்சுது. அதுல இருந்த ரெண்டு பேருமே இன்னைக்கு உயிரோட இருக்காங்க, ஒருத்தருக்கு ஒரு கால் இல்ல. இவனுக்கு காயம்னு ஒண்ணுமில்ல. காது ரெண்டு நாள் கேக்கல, யார் பேசினாலும் தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி இருந்துச்சாம். மூணாவது நாள் திரும்ப லாரி.

2012-ல திரும்பி வந்தப்புறம் தூக்கம் போச்சு. கஞ்சா அடிச்சா மூணு மணி நேரம் தூங்கலாம்னு கண்டுபிடிச்சான். திடீர்னு யூரின் டெஸ்ட் எடுப்பாங்க, ரெண்டு தடவை மாட்டினான். ரெண்டாவது தடவைக்கு அப்புறம் காரை எடுத்துட்டு போனவன் 34 நாள் திரும்பி வரல. லீவு சொல்லாம ஓடிப்போறதை அங்க ஏவால்னு சொல்றாங்க, 30 நாள் தாண்டினா ஓடிப்போனவன்னே கணக்குல எழுதி வாரண்ட் போட்டுடுவாங்க. 34 நாளும் கார்லயும் மோட்டல்லயும் கழிச்சிருக்கான். 35-வது நாள் காலைல அவனே கேட் வாசல்ல போய் நின்னான். கேஸ் போட்டாங்க. கோர்ட் மார்ஷியலை சந்திக்கலாம், இல்ல அதுக்கு பதிலா டிஸ்சார்ஜ் குடுங்கன்னு நீயே எழுதிக் கேக்கலாம்னு ரெண்டு வழி. ரெண்டாவதுல கையெழுத்து போட்டான். கிளம்பற அன்னைக்கு வரிசையில பக்கத்துல நின்ன யாரோ சொல்லியிருக்காங்க, "ஆறு மாசம் ஆனா இது தானா ஹானரபிளா மாறிடும், கவலைப்படாத". அதை நம்பி தபாலை எதிர்பார்த்து உக்காந்திருக்கான். அப்படி எதுவுமே கிடையாது. எத்தனை வருஷம் ஆனாலும் நாமளா மனு போடாம அது மாறாது. இந்தப் பொய் எத்தனை பேரோட வருஷங்களை தின்னிருக்கும்.

மனு போடறதுக்கு ரெண்டு வாசல். டிஸ்சார்ஜ் ஆன தேதியில இருந்து 15 வருஷத்துக்குள்ளன்னா டிடி 293 படிவம், டிஸ்சார்ஜ் ரிவியூ போர்டுக்கு. 15 வருஷம் தாண்டிட்டா, இல்ல ஜெனரல் கோர்ட் மார்ஷியல்ல வந்த டிஸ்சார்ஜா இருந்தா, டிடி 149 போட்டு ரெக்கார்டு திருத்தற போர்டுக்கு போகணும். அதுக்கு 3 வருஷக் கெடுன்னு எழுதியிருந்தாலும் நியாயம் கருதி தளர்த்தலாம். தம்பிக்கு 2028 ஜூன் வரைக்கும் நேரம். 8 வருஷம் சம்படத்துக்குள்ளயே போயிடுச்சு.

இப்ப நான் பண்ண தப்பை சொல்றேன். மூணே வாரத்துல நானே மனுவை எழுதினேன். வக்கீல் வச்சா வெளிய தெரியும், காசும் ஆகும், எனக்கு இங்கிலீஷ் நல்லா வரும், என்ன பெரிய விஷயம்னு நினைச்சேன். 34 நாள் ஓடிப்போனதை "குடும்பச் சூழ்நிலை காரணமாக சில நாட்கள் வர இயலவில்லை"ங்கற மாதிரி எழுதினேன். கஞ்சாவை ஒரே வரியில, கூட இருந்தவங்க பழக்கிட்டாங்கன்னு. மிச்சம் மூணு பக்கமும் மேலதிகாரி சரியில்ல, யாரும் கவனிக்கல, வெளிநாட்டுக்காரன்னு ஒதுக்கினாங்கன்னு. அதுல பாதி உண்மைதான். ஆனா டிடி 214-ல 29-வது கட்டம்னு ஒண்ணு இருக்கு, வேலைக்கு வராம போன தேதியெல்லாம் அதுல அச்சடிச்சே இருக்கும், இந்த நாள்ல இருந்து இந்த நாள் வரைன்னு. நான் மறைச்சதா நினைச்ச விஷயம் நாங்க இணைச்சு அனுப்பின பேப்பர்லயே இருந்துச்சு. தம்பி படிச்சுட்டு "அக்கா, இதுல நான் எங்க இருக்கேன்"னு கேட்டான். எனக்கு புரியல, கையெழுத்து போடுடான்னேன். போட்டான். சின்ன வயசுல இருந்து நான் சொன்னா கேப்பான்.

2022-ல பதில் வந்துச்சு. மறுத்துட்டாங்க. அரசாங்க காரியம் முறையா நடந்திருக்கும்னுதான் போர்டு எடுத்துக்கும், இல்லன்னு காட்ட வேண்டியது மனுதாரர் பொறுப்பு, நாங்க காட்டல. ஒரு மெடிக்கல் பேப்பர் கூட வைக்கல. அவன் மறுபடி காராஜுக்கு போய் அந்தப் பெட்டிய ஒட்டி வச்சான்.

அதுக்கப்புறம் கொஞ்ச மாசம் நான் தினமும் ராத்திரி பழைய தீர்ப்புகளை படிச்சேன். பேரெல்லாம் கருப்படிச்சுட்டு போர்டு முடிவுகளை பொதுவுல வைக்கறாங்க, யார் வேணா படிக்கலாம். நூத்துக்கணக்குல படிச்சிருப்பேன். படிக்க படிக்க ஒரு விஷயம் உறைச்சுது. ஜெயிச்ச மனுக்கள்ல பெரும்பாலும் ஆளு "ஆமா, நான் பண்ணேன்"னு ஆரம்பிக்கறாங்க. தோத்ததுல என் மனு மாதிரி நிறைய இருந்துச்சு.

இன்னொண்ணும் அங்கதான் தெரிஞ்சுகிட்டேன். 2014 செப்டம்பர்ல அப்ப பாதுகாப்பு அமைச்சரா இருந்த சக் ஹேகல் ஒரு உத்தரவு போட்டார். வியட்நாம் போர்ல இருந்தவங்களுக்கு அந்தக் காலத்துல பிடிஎஸ்டின்னு, அதாவது பயங்கரத்தை அனுபவிச்சவங்களுக்கு அப்புறம் வர்ற மனப்பாதிப்புன்னு, ஒரு நோயே மருத்துவப் புத்தகத்துல இல்ல, அதனால அவங்க மனுவை தாராள மனசோட பாருங்கன்னு. 2017 ஆகஸ்ட்ல கர்ட்டா மெமோன்னு இன்னொண்ணு வந்து அதை விரிவாக்கிச்சு, தலையில அடிபட்டவங்க, பாலியல் வன்முறைக்கு ஆளானவங்க எல்லாருக்கும். அதுல போர்டு கேக்க வேண்டிய நாலு கேள்வி இருக்கு. தப்பை மன்னிக்கவோ குறைச்சுப் பார்க்கவோ வைக்கற மாதிரி ஒரு பாதிப்பு இருந்துச்சா, அது சேவையில இருந்தப்பவே இருந்துச்சா, அது நிஜமாவே இந்தத் தப்பை விளக்குதா, அந்த டிஸ்சார்ஜை விட அது எடை கூடுதலா. ஹானரபிள் வாங்கறதுக்கு குறையே இல்லாத சேவையா இருக்கணும்னு அவசியமில்லன்னும் அந்த மெமோ சொல்லுது. இந்த வரியை நான் தம்பிக்கு வாய்விட்டு படிச்சுக் காட்டினேன். திரும்ப படிக்கச் சொன்னான்.

அவன் தனி ஆள் இல்லைங்கறதுக்கு ஒரு கணக்கு. 2011-ல இருந்து 2015 வரைக்கும் ஒழுங்கீனத்துக்காக வெளியேத்தின 91,764 பேர்ல 62 சதவீதம் பேருக்கு அதுக்கு முந்தின ரெண்டு வருஷத்துக்குள்ள பிடிஎஸ்டியோ மூளைக்காயமோ அது மாதிரி வேற பாதிப்போ இருக்குன்னு டாக்டருங்களே எழுதியிருந்தாங்கன்னு அமெரிக்க அரசோட தணிக்கை அமைப்பு 2017 மேல அறிக்கை குடுத்துச்சு. தம்பிக்கு அப்படி எழுதக்கூட இல்ல, ஏன்னா அவன் டாக்டர்கிட்டயே போகல. தூக்கம் வரலன்னு ஒரு ஆம்பளை போய் எப்படி சொல்றதுன்னு நினைச்சிருக்கான்.

இலவசமா பார்க்கற ஒரு சட்டக் கல்லூரி க்ளினிக்ல எங்களுக்கு ஒரு வக்கீல் கிடைச்சாங்க, என்னை விட பத்து வயசு சின்னவங்க. என் மூணு பக்கத்தை படிச்சுட்டு தம்பிய பார்த்து கேட்டாங்க: "இது உங்க அக்காவோட கடிதம். உங்களோடது எங்க?"

அவன் எழுத ஆறு வாரம் ஆச்சு. ராத்திரி டைனிங் டேபிள்ல உக்காருவான், நாலு வரி எழுதுவான், எழுந்து போயிடுவான். கடைசில வந்தது ஒண்ணரைப் பக்கம்தான். முதல் பத்தியில, நான் கஞ்சா அடிச்சேன், ரெண்டு தடவை, தடைன்னு தெரிஞ்சேதான். நான் ஓடிப்போனேன், எந்த தேதிக்கு திரும்பணும்னு தெரியும், திரும்பல. என் பேர்ல இருந்த லாரி ஓட்டங்களை வேற ஒருத்தன் ஓட்டியிருப்பான், அவனுக்கும் பயம் இருந்திருக்கும். இந்தக் கடைசி வரியை எடுத்துடுடா, நீயே உன்னை மாட்டி விடறன்னேன். முடியாதுன்னுட்டான். வாழ்க்கையில முதல் தடவையா என் பேச்சைக் கேக்கல.

ஆதாரம் தேடறது தனிக் கதை. செயின்ட் லூயிஸ்ல இருக்கற ஆவணக் காப்பகத்துக்கு எழுதி அவனோட முழு ஃபைலும் மெடிக்கல் ஃபைலும் வாங்கினோம். 1973-ல அங்க பெரிய தீ விபத்து நடந்து 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேல ஃபைல் எரிஞ்சு போயிருக்கு, அந்தத் தலைமுறை ஆளுங்க பாடு என்னன்னு நினைச்சுக்கிட்டேன். எங்களுக்கு வந்த பழுப்புக் கவர்ல ஒரே ஒரு பேப்பர் தங்கம். 2010-ல ராணுவத்துல ஒரு விதி வந்திருக்கு, குண்டு வெடிச்ச இடத்துல இருந்து 50 மீட்டருக்குள்ள இருந்தவங்களுக்கு காயம் இல்லாட்டியும் கட்டாயம் தலையை சோதிக்கணும், 24 மணி நேரம் ஓய்வு குடுக்கணும்னு. அந்த சோதனை தாள் இருந்துச்சு. ஞாபக சக்திக் கேள்வி, வார்த்தைகளை திருப்பிச் சொல்றது, மாசங்களை பின்னாடியிருந்து சொல்றது. 30-க்கு 23. தம்பிக்கு அப்படி ஒரு டெஸ்ட் எடுத்ததே ஞாபகம் இல்ல.

ராணுவத்துல 100 நாளுக்கு மேல இருந்து போர்முனைக்கும் போனவங்களுக்கு, கோர்ட் மார்ஷியல் தண்டனையில வெளிய போகாத வரைக்கும், அதர் தேன் ஹானரபிள்னாலும் முன்னாள் வீரர்களைப் பார்த்துக்கற அரசுத்துறையான விஏ மனநல சிகிச்சை குடுக்கணும்னு 2018-லயே சட்டம் வந்திருக்கு. அதுவும் எங்களுக்கு 2022-லதான் தெரிஞ்சுது. போனான். பிடிஎஸ்டின்னு எழுதிக் குடுத்தாங்க. வண்டியில முன்னாடி போனவர், கால் போனவர், ஒஹையோவுல இருக்கார், அவரை எப்படியோ தேடிப் பிடிச்சு தம்பி போன் பண்ணான். பத்து வருஷம் பேசாம இருந்ததுக்கு மன்னிப்பு கேட்டான். அவர் அன்னைக்கே ஒரு கடிதம் எழுதி அனுப்பினார், தீயை அணைக்க முதல்ல ஓடி வந்தது இவன்தான்னு. இதை தம்பி எங்க யார்கிட்டயும் சொன்னதில்ல.

ஆனா ரெண்டாவது கேள்வி இருக்கே, சேவையில இருந்தப்பவே அந்த பாதிப்பு இருந்துச்சான்னு, அதுக்கு எங்க கையில ஒண்ணுமில்ல. விஏ டாக்டர் பார்த்தது 9 வருஷம் கழிச்சு. அப்பதான் வக்கீல் கேட்டாங்க, 2012-க்கும் 2013-க்கும் நடுவுல இவரைப் பார்த்த குடும்பத்து ஆளுங்க யாராவது உண்டா, அவங்க பார்த்ததை எழுதினாலும் ஆதாரம்தான்னு.

2012 ஆகஸ்ட்ல அவன் ஊருக்கு போயிருந்தான், சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு. அம்மாகிட்ட விஷயத்தை சொல்லியாக வேண்டிய கட்டாயம் அப்பதான் வந்துச்சு. வாட்ஸப்ல நான்தான் சொன்னேன், அவன் பக்கத்துல தலையை குனிஞ்சு உக்காந்திருந்தான். அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "நான் அன்னைக்கே நினைச்சேன்டா"ன்னாங்க. திருமங்கலத்துல இருந்து திருநெல்வேலிக்கு கார்ல போயிருக்காங்க, இவன் முன் சீட்டு. நாலுவழிச் சாலையில வாய்க்கால் பாலம் வர்றப்பெல்லாம் இவன் மூச்சை பிடிச்சிருக்கான், கை டேஷ்போர்டை இறுக்கியிருக்கு, பாலம் தாண்டினதும் மூச்சு விட்டிருக்கான். அம்மா பின்னாடி உக்காந்து அதைப் பார்த்துட்டே வந்திருக்காங்க. விருதுநகர் தாண்டி ரோட்டோரம் ஒரு சாக்கு மூட்டை கிடந்திருக்கு, டிரைவர்கிட்ட நடு ரோட்டுல போ நடு ரோட்டுல போன்னு இங்கிலீஷ்ல கத்தியிருக்கான், டிரைவர் வண்டியை நிறுத்திட்டார். கல்யாண வீட்டுல இதை யாரும் பேசல. திருஷ்டின்னு நினைச்சு அம்மா வெள்ளிக்கிழமை மிளகாய் சுத்திப் போட்டிருக்காங்க. அதைத்தான் அவங்களால பண்ண முடிஞ்சுது.

அம்மா ரூல்டு நோட்டுல ரெண்டு பக்கம் தமிழ்ல எழுதினாங்க. "என் மகன் பாலம் வரும்போதெல்லாம் மூச்சை அடக்கினான், நான் பதினொன்று எண்ணினேன்." மொழிபெயர்ப்பை நான் பண்ணக் கூடாது, உறவுக்காரங்க பண்ணா எடுபடாதுன்னு வக்கீல் சொன்னாங்க, வெளி ஆள் வச்சு சான்றிதழோட பண்ணோம். ஹைவே 1-ல பாலத்துல குண்டு வெடிச்சதுங்கற பேப்பரையும் அம்மாவோட கடிதத்தையும் வக்கீல் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க. எனக்கு அப்பதான் உறைச்சுது, எங்க அம்மாவுக்கு ஹைவே 1 எங்க இருக்குன்னு கூட தெரியாது.

சித்தப்பாகிட்டயும் சொல்ல வேண்டியதாச்சு. அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட்ல ஹவில்தாரா இருந்து ரிட்டையர் ஆனவர். எனக்கு ரொம்ப பயம் அவரை நினைச்சுத்தான். "ஓடி வந்தியாடா"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆமா சித்தப்பா." "திரும்பிப் போனியா?" "போனேன்." அதுக்கப்புறம் அவர் வேற பேச ஆரம்பிச்சார். நம்ம ராணுவத்துலயும் தண்டனையை சிவப்பு மையில எழுதுவாங்க, ரெட் இங்க் என்ட்ரின்னு சொல்வாங்க, அது சேர்ந்து போய் வெளியேத்தினவங்க கதையெல்லாம் சொன்னார். டிஸ்மிஸ்னு வந்தா பென்ஷன் போயிடும், அதை டிஸ்சார்ஜா மாத்தச் சொல்லி சென்னையில இருக்கற ராணுவ தீர்ப்பாயத்துக்கு அலையறவங்க அவருக்கு தெரிஞ்சே உண்டாம். "பேப்பரை ஒளிச்சு வைக்காதே, தூக்கிட்டு போய் கேளு"ன்னார். 2017-ல இதே ஆள்கிட்ட சொல்லியிருந்தா அன்னைக்கே டிக்கெட் போட்டு வரச் சொல்லியிருப்பார். நாங்க யாரை நினைச்சு பயந்தோமோ அவங்க யாருமே எங்களை துரத்தல.

ரெண்டாவது தடவை நேர்ல பேசற விசாரணை கேட்டோம். முதல்ல பேப்பரை மட்டும் பார்த்து மறுத்திருந்தா, 15 வருஷத்துக்குள்ள நேர்ல பேச இன்னொரு வாய்ப்பு உண்டு. முன்னெல்லாம் அதுக்கு வாஷிங்டன் பக்கம் போகணும். ஸ்டீவ் கென்னடி, அலிசியா கார்சன்னு ரெண்டு முன்னாள் வீரர்கள் ராணுவத்து மேல போட்ட வழக்குல 2021-ல சமரசம் ஆச்சு, பிடிஎஸ்டி மனுக்களை ஒழுங்கா பார்க்கணும், மறுத்தா காரணத்தை விளக்கணும், தூரத்துல இருந்தே பேச வசதி பண்ணணும்னு அதுல இருக்கு. முகம் தெரியாத அந்த ரெண்டு பேருக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். அவங்க வழக்கு போட்டதாலதான் என் தம்பி எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்தே பேச முடிஞ்சுது.

2024 மார்ச். அஞ்சு பேர் போர்டு, மூணு ஓட்டு வேணும். அதுல ஒருத்தர் மனநல நிபுணர். சட்டை இஸ்திரி போட்டு காலைல 5 மணிக்கே தயாரா உக்காந்திருந்தான். சத்தியப்பிரமாணம் எடுத்தப்ப கை நடுங்கிச்சு. ஒரு மணி நேரத்துக்கு மேல கேட்டாங்க, யாரும் கடுமையா பேசல, ஆனா எதையும் விடல. கஞ்சாவை எங்க வாங்கினீங்க, டாக்டர்கிட்ட ஏன் போகல, ரெண்டாவது தடவை மாட்டினப்ப என்ன நினைச்சீங்க. அந்த மனநல நிபுணர்தான் கேட்டார், 34 நாள் கழிச்சு எதுக்கு திரும்பி வந்தீங்கன்னு.

நான் பக்கத்து ரூம்ல, சாட்சியா கூப்பிடற வரைக்கும் காத்திருந்தேன், கதவு வழியா கேட்டுச்சு. அவன் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னான், பெட்ரோல் போட நின்ன இடத்துல ஒரு டேங்கர் லாரிக்காரர் ஹோஸ் மாட்டிட்டு இருந்தார், வால்வை சரியா பூட்டல, நான் போய் பூட்டிக் குடுத்தேன், நீ இந்த வேலை பார்த்தவனான்னு கேட்டார், ஆமான்னேன், எங்கன்னு கேட்டார், அதுக்கு பதில் சொல்ல முடியாம கார்ல வந்து உக்காந்தேன், மறுநாள் திரும்பிட்டேன்னு. என்கிட்ட கூட சொல்லாத விஷயம் இது.

ஆகஸ்ட்ல முடிவு வந்துச்சு. அவங்க எழுதியிருந்ததோட சாரம்: தூக்கத்துக்காக போதைப்பொருள் எடுக்கறதுக்கும், சூழ்நிலையை விட்டு ஓடறதுக்கும் பிடிஎஸ்டிக்கும் தொடர்பு இருக்கு, அது சேவையிலயே இருந்ததுக்கு குடும்பத்தோட சாட்சியமும் தலைச் சோதனையும் ஆதாரம், ஆனா 34 நாள் இல்லாம போனது முழுசா கழிஞ்சு போகல. டிஸ்சார்ஜை ஜெனரலா உயர்த்தினாங்க. காரணத்தையும் மாத்தினாங்க. ஸ்பெஷலிஸ்ட் ரேங்க்கை திருப்பிக் குடுத்தாங்க. சில வாரத்துல புது டிடி 214 தபால்ல வந்துச்சு, பழசு எட்டா மடிச்சிருந்துச்சு, இதை அவன் மடிக்கவே இல்ல.

எனக்கு அழுகையும் கோவமும் சேர்ந்து வந்துச்சு, ஏன் ஹானரபிள் குடுக்கலன்னு. அவன் நிதானமா இருந்தான். "34 நாள் நான்தான்க்கா போனேன்"னான். ஜெனரல் மரியாதைக் கணக்குல வர்றதால குடியுரிமை பயம் போச்சு, வக்கீல் அதை ரெண்டு தடவை விளக்கி எழுத்துலயும் குடுத்தாங்க. பாஸ்போர்ட் எடுத்தான். 2024 டிசம்பர்ல ஊருக்கு போனான், 12 வருஷம் கழிச்சு. ராமேஸ்வரத்துல அப்பாவுக்கு திதி குடுத்தான். சித்தப்பா மகன் கூட வந்தான், கொள்ளி வச்சவன், ரெண்டு பேரும் ஒண்ணா முழுக்கு போட்டாங்க.

ஹானரபிளுக்கு ரெக்கார்டு திருத்தற போர்டுக்கு டிடி 149 போட்டிருக்கோம். 2018 ஜூலையில வந்த வில்கி மெமோன்னு ஒண்ணு இருக்கு, வெளிய வந்தப்புறம் எப்படி வாழ்ந்திருக்காங்க, எவ்வளவு காலம் ஆச்சு, வருத்தப்படறாங்களான்னு எல்லாம் பார்த்து இரண்டாவது வாய்ப்பு குடுக்கறதைப் பத்தி, அதை வச்சு கேக்கறோம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இந்த தடவை கடிதத்துல நான் ஒரு வார்த்தை கூட தொடல.

அவனுக்கு இப்பவும் பாலம் வந்தா மூச்சு நிக்குது. விஏ-ல வாரம் ஒரு தடவை போறான்.

போன மாசம் ஞாயித்துக்கிழமை அவன் கூட பயிற்சி எடுத்த ஒரு பையன் போன் பண்ணான், அதே திட்டத்துல சேர்ந்தவன், நேபாளத்துக்காரன், அவனுக்கும் 2012-ல இதே மாதிரி டிஸ்சார்ஜ். கிச்சன்ல ஸ்பீக்கர்ல போட்டு பேசிட்டு இருந்தான். அந்தப் பையன் ஏதோ ஆரம்பத்துல இருந்து தன் கதையை சொல்ல ஆரம்பிச்சான், தம்பி பொறுமையா கேட்டுட்டு, நடுவுல நிறுத்திக் கேட்டான்: "உன் டிடி 214 இப்ப எங்க இருக்கு? எடுத்துட்டு வா. அதுல என்ன தேதி போட்டிருக்குன்னு முதல்ல படி."